இணையதளம் இருக்கிறது, கவனிக்கத்தான் ஆளில்லை

2021 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் வருவாய்த் துறை சொந்தமாக ஒரு பிரவுசரை வெளியிட்டது. கூகுளோடு போட்டி போடும் ஆசையெல்லாம் அந்தத் துறைக்கு இல்லை. அதன் இணையதளத்தில் இருந்த சில வரிப் படிவங்கள் ஃபிளாஷ் என்ற தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டவை. ஃபிளாஷுக்குச் சொந்தக்காரரான அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ஜனவரி 12 முதல் ஃபிளாஷில் செய்த எதுவும் ஓடாதபடி தடுத்தும்விட்டது. படிவங்கள் திறக்கவில்லை. ஆனால், மக்கள் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டுமே? மிச்சப் படிவங்களை மாற்றி எழுதி முடிக்கும்வரை ஃபிளாஷை ஓட்டிக்காட்டும் தனி பிரவுசர் ஒன்றைச் செய்து, இதை இறக்கிக்கொண்டு உள்ளே வாருங்கள் என்று வரி செலுத்துவோரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அதுவும் விண்டோஸ் கணினிகளில் மட்டும்தான் வேலை செய்தது.

அடோபி இந்த முடிவை அறிவித்தது 2017 ஜூலையில். மூன்றரை ஆண்டு அவகாசம் இருந்தும் இந்த நிலை.

ஓர் அரசுத் துறையே இப்படியென்றால் தனியார் நிறுவனங்கள் எம்மாத்திரம் என்று கேட்கத் தோன்றும். தமிழ்நாட்டின் நடுத்தர நிறுவனங்களின் இணையதளங்கள் சிலவற்றைப் பொறுமையாகத் திறந்து பார்த்தால் விடை கிடைத்துவிடும். முகப்பில் மூன்று படங்கள் மாறி மாறி நகர்கின்றன. அவற்றில் ஒன்றில் கோட்டு சூட்டு அணிந்த வெளிநாட்டினர் கை குலுக்கிக்கொண்டிருக்கிறார்கள். ‘புதியது’ என்று மின்னும் சின்னத்துக்குப் பக்கத்தில், 2014-இல் நடந்த கண்காட்சியில் கடை போட்ட செய்தி. தொடர்புக்கு ஒரு தொலைநகல் எண். ஏற்றுமதித் தரச் சான்றிதழின் ஸ்கேன் பிரதி ஒன்று; பெரிதாக்கிப் பார்த்தால் காலாவதியாகிச் சில ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அடியில் பதிப்புரிமை ஆண்டு 2013. தொழிற்சாலையோ அமோகமாக ஓடிக்கொண்டிருக்கும். புதிய இயந்திரம் வந்திருக்கும், இரண்டாவது யூனிட் திறந்திருப்பார்கள். வெளியூரிலிருந்து பார்ப்பவருக்கு மட்டும் அந்த நிறுவனம் 2014-லேயே நின்றுவிட்டது.

வாங்குபவர் முதலில் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான். ஜெர்மனியிலோ டென்மார்க்கிலோ இருக்கும் துணி இறக்குமதியாளர் திருப்பூருக்கு விமானம் ஏறுவதற்கு முன், பெயரைத் தட்டித் தேடிப் பார்க்கிறார். இயற்கைப் பருத்திக்கான ‘காட்ஸ்’ சான்றிதழ் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பழைய பிரதியைப் பார்த்ததும் இவர்களிடம் இப்போது சான்றிதழ் இல்லை என்றுதான் முடிவு கட்டுவார். இருக்கிறதா என்று கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்; பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். இப்படிக் கைவிட்டுப்போன ஆர்டர் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் நஷ்டமாகப் பதிவாவதில்லை. முதலாளிகளுக்கு இது உறைக்காமல் இருப்பதற்கும் அதுவே காரணம்.

இந்த நிலைக்கு எப்படி வந்தோம் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஜெனிவாவில் உள்ள செர்ன் ஆய்வு மையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலை, 1991 ஆகஸ்ட்டில் வெளியுலகுக்கு அறிமுகமானது. உலகின் முதல் இணையப் பக்கத்தில் படம் இல்லை, வண்ண அலங்காரம் இல்லை. வெறும் எழுத்தும் இணைப்புகளும்தான். 1993 ஏப்ரல் 30-ஆம் தேதி, இந்தத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. அதே ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கணினி மையத்திலிருந்து வந்த மொசைக் பிரவுசர், எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டியது. அங்கிருந்துதான் வணிகம் உள்ளே வந்தது. இந்தியாவில் அரசு நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகாம் 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் திறந்துவிட்டது. அதையடுத்த ஆண்டுகளில் நிறுவனம் என்றால் ஒரு வெப்சைட் இருக்க வேண்டும் என்ற கௌரவம் நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது.

முதல் பத்து ஆண்டுகளின் வளர்ச்சி பெரும்பாலும் ஒப்பனையில்தான். ஃபிளாஷ் வந்தபின் முகப்புப் பக்கம் திறப்பதற்கு முன்னால் ஒரு குட்டி சினிமாவே ஓடியது. நட்சத்திர விடுதிகளும் கட்டுமான நிறுவனங்களும் பின்னணி இசையோடு வரவேற்றன. இதன் உச்சம் லண்டனில் தொடங்கிய பூ.காம். 1999 நவம்பரில் வந்த இந்த ஆடை விற்பனைத் தளம், உடைகளைச் சுழற்றிப் பார்க்கலாம், பொம்மைப் பெண் ஒருத்தி உங்களுக்கு ஆலோசனை சொல்வாள் என்றெல்லாம் அசத்தியது. வாடிக்கையாளர்கள் அப்போது தொலைபேசிக் கம்பி வழியாக ஊர்ந்து வரும் இணைப்பில் இருந்தார்கள். பக்கம் திறப்பதற்குள் பலர் எழுந்து போய்விட்டார்கள். முதலீட்டாளர்களின் பதின்மூன்று கோடி டாலருக்கும் மேலான பணத்தைத் தின்றுவிட்டு 2000 மே மாதம் கடை மூடப்பட்டது.

பார்க்கும் இடமாக இருந்த இணையதளம், வேலை முடிக்கும் இடமாக மாறியது அடுத்த கட்டம். இந்தியர்களுக்கு இதை விளக்க ஐ.ஆர்.சி.டி.சி. போதும். 2002-இல் தொடங்கியபோது இணையத்தில் பதிவு செய்த டிக்கெட்டை அச்சடித்து கூரியரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு நாமே அச்சடித்துக்கொள்ளும் இ-டிக்கெட் வந்தது. பிறகு கைபேசியில் காட்டினால் போதும் என்றானது. தட்கல் நேரத்தில் திக்கித் திணறிக்கொண்டிருந்த தளத்தை 2014-இல் மாற்றியமைத்து, நிமிடத்துக்கு 7,200 டிக்கெட் பதியும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றும் காலை பத்து மணிக்கு அதைத் திட்டாதவர்கள் குறைவு. ஆனால், 2002-இல் கட்டிய தளத்தை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் திட்டுவதில் கொஞ்சம் நிதானம் வரும்.

இதற்கிடையே நடந்ததுதான் பெரிய புரட்சி. அதைப் பலர் கவனிக்கவே இல்லை. திரை சுருங்கியது. 2007-இல் வந்த ஐபோன் ஃபிளாஷை ஏற்கவே இல்லை. ஏன் ஏற்கவில்லை என்று 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கமாக எழுதினார். அடுத்த மாதமே ஈத்தன் மார்காட் என்ற வடிவமைப்பாளர், எந்தத் திரைக்கும் தானாகப் பொருந்திக்கொள்ளும் பக்கங்களை எழுதும் முறையை ஒரு கட்டுரையில் முன்வைத்தார். 2015 ஏப்ரல் 21 முதல், கைபேசியில் சரியாகத் தெரியாத பக்கங்களைக் கைபேசித் தேடலில் பின்னுக்குத் தள்ளத் தொடங்கியது கூகுள். ஸ்டாட்கவுன்டர் நிறுவனத்தின் கணக்கின்படி, 2016 அக்டோபரில் உலக அளவில் கணினியைவிடக் கைபேசியிலும் டேப்லெட்டிலும் இணையம் பார்ப்பது முதல் முறையாக அதிகமானது: 51.3 சதவீதம். அதற்குச் சில வாரங்கள் முன்பு, செப்டம்பர் 5-ஆம் தேதி, இந்தியாவில் ஜியோ வந்திருந்தது. பக்கம் திறக்க மூன்று விநாடிக்கு மேல் ஆனால் கைபேசியில் வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் போய்விடுகிறார்கள் என்று கூகுளின் டபுள்கிளிக் பிரிவு அதே ஆண்டு சொன்னது. அலுவலகத்தில் பெரிய திரையில், வேகமான இணைப்பில் தங்கள் தளத்தைப் பார்த்து ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று திருப்திப்பட்டுக்கொள்ளும் நிர்வாகிகள் ஒரு நாள் பேருந்து நிலையத்தில் நின்று அதைக் கைபேசியில் திறந்து பார்க்கலாம்.

தமிழில் எழுதப்பட்ட தளங்களுக்கு இன்னொரு இழப்பும் நேர்ந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-இலேயே தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். ஆனால், அன்றைக்குப் பொதுவான குறியாக்கம் புழக்கத்தில் இல்லை. ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. ‘எங்கள் ஃபான்ட்டை முதலில் இறக்கிக்கொள்ளுங்கள்’ என்ற அறிவிப்பு முகப்பிலேயே இருக்கும். உள்ளே சேமிக்கப்பட்டிருந்தது ஆங்கில எழுத்துகளுக்கான குறியீடுகள்தான். எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கிறுக்கல் மட்டுமே மிஞ்சும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரு குறியாக்கங்களைத் தரப்படுத்தினார்கள். இன்னொரு பக்கம் டிஸ்கி என்ற குறியாக்கமும் இருந்தது. கடைசியில் பொதுக் குறியாக்கமான யூனிகோடு நிலைபெற்றது. 2010-இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றுக்கொண்டது. யூனிகோடுக்கு மாறியவர்கள் பிழைத்தார்கள். மாறாமல் விட்டவர்களின் பக்கங்கள் எங்கோ ஒரு சர்வரில் இருந்தாலும், தமிழில் தட்டித் தேடுபவர் கண்ணில் படவே படாது. தேடுபொறியைப் பொறுத்தவரை அவை தமிழே இல்லை.

அந்தத் தவறு தீர்ந்துவிட்டதென்று நிம்மதியாக இருக்க முடியவில்லை. இன்றும் விலைப்பட்டியல், அறிவிப்பு, சேர்க்கை விவரம் எல்லாவற்றையும் கோரல்டிராவில் செய்து ஜேபிஜி படமாக ஏற்றும் பழக்கம் தொடர்கிறது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி நம்பி எடுப்பதில்லை. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரை வாசிப்பான் அதைப் படித்துச் சொல்வதும் இல்லை. 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், டிஜிட்டல் சேவைகளை எட்டும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொல்லப்பட்டிருக்கிறது. மின்னணு முறையில் வாடிக்கையாளர் அடையாளத்தைச் சரிபார்க்கும் நடைமுறை குறித்து ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் தொடுத்த வழக்கு அது. வங்கிகளுக்குத்தானே என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது நெடுநாள் நடக்காது. அமெரிக்காவில் டோமினோஸ் பீட்சா நிறுவனம், பார்வையற்ற ஒருவர் தன் தளத்தில் ஆர்டர் செய்ய முடியவில்லை என்று தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனது. 2019 அக்டோபரில் அந்த மேல்முறையீட்டை விசாரிக்கவே நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரியும் பழசு. தெரியாத பழசுதான் ஆபத்தானது. ஒரு தளத்துக்கு அடியில் சர்வர் மென்பொருள், பி.எச்.பி., வேர்ட்பிரஸ், அதன்மேல் பத்துப் பதினைந்து பிளக்-இன் என்று அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆட்கள் எழுதியிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆயுள் உண்டு. இதில் ஓர் ஓட்டை தெரியவந்து அதற்கான திருத்தம் வெளியானதும் இரண்டு தரப்பும் ஓடத் தொடங்குகின்றன. திருத்தத்தைப் படித்தே ஓட்டை எங்கே என்று திருடனும் தெரிந்துகொள்கிறான். 2014 அக்டோபர் 15-ஆம் தேதி துருபல் என்ற மென்பொருளில் ஒரு பெரும் ஓட்டைக்குத் திருத்தம் வந்தது. இரண்டு வாரம் கழித்து அதன் பாதுகாப்புக் குழு வெளியிட்ட அறிவிப்பு, இந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்காதது: அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தம் போடாத தளம் எதுவாக இருந்தாலும், அது ஏற்கெனவே அத்துமீறப்பட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு மணி நேரம். நம் நிறுவனங்களில் ‘தளத்தைச் செய்து கொடுத்த தம்பி’யின் கைபேசி எண்ணைத் தேடி எடுக்கவே அதற்கு மேல் ஆகும்.

பணமும் ஆள்பலமும் இருந்தால் தப்பிக்கலாம் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸ், வாடிக்கையாளர் புகார்களுக்காக வைத்திருந்த இணையப் பக்கத்தில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்தியது. அதன் ஓட்டைக்கு 2017 மார்ச் 7-ஆம் தேதியே திருத்தம் வந்துவிட்டது. ஈக்விஃபேக்ஸ் அதைப் போடவில்லை. மே மாதம் உள்ளே புகுந்தவர்கள் ஜூலை இறுதிவரை சாவகாசமாக அள்ளினார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம் போயின. 2019-இல் அரசு அமைப்புகளோடு எட்டிய சமரசத்தில் எழுபது கோடி டாலர்வரை கொடுக்க ஒப்புக்கொண்டது அந்நிறுவனம். திருத்தமோ இலவசம்.

இந்தியாவிலும் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தரவைப் பறிகொடுக்கும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம் என்கிறது. ‘எங்கள் தளத்தில் என்ன இருக்கிறது திருட?’ என்று கேட்பவர்கள் உண்டு. விசாரணைப் படிவத்தில் பெயரும் கைபேசி எண்ணும் கேட்டு வாங்கிச் சேமித்துவைத்தால் அதுவே தரவுதான்.

அந்த விசாரணைப் படிவத்தைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். பல தளங்களில் அது வேலை செய்வதாகத் தோன்றும், ஆனால் செய்யாது. வாடிக்கையாளர் நிரப்பி அனுப்பினால் ‘நன்றி, விரைவில் தொடர்புகொள்வோம்’ என்று பச்சை எழுத்தில் வரும். அனுப்பியது எங்கே போகிறது? பல நேரம் வேலையை விட்டுப் போன ஊழியரின் மெயிலுக்கு. இன்னும் பல நேரம் எங்குமே போவதில்லை. அனுப்புபவர் உண்மையான ஆள்தானா என்று சரிபார்க்கும் பதிவுகள் இல்லாத மெயில்களை ஏற்பதில் கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரி முதல் கெடுபிடியாகிவிட்டன. பத்தாண்டுக்கு முன் எழுதிய படிவத்தில் அந்த ஏற்பாடு இருக்காது. மெயில் ஸ்பேமில் விழும் அல்லது வாசலிலேயே திருப்பி விடப்படும். இரண்டு தரப்புக்கும் தகவல் தெரியாது. முதலாளி, ‘வெப்சைட்டால் ஒரு என்கொயரிகூட வந்ததில்லை சார்’ என்பார். மாதம் ஒரு முறை தாங்களே ஒரு விசாரணையை அனுப்பிப் பார்க்கும் நிறுவனங்கள் எத்தனை இருக்கும்?

பூட்டுச் சின்னத்துக்கும் இதே கதை. 2018 ஜூலை முதல் குரோம் பிரவுசர், பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத எல்லாத் தளங்களையும் ‘பாதுகாப்பற்றது’ என்று முகவரிப் பட்டையில் எழுதிக் காட்டுகிறது. சான்றிதழை இலவசமாகவே தர ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்ற அமைப்பு 2015 முதல் இருக்கிறது. இந்தச் சான்றிதழ்களின் ஆயுளைச் சுருக்கப் பிரவுசர் நிறுவனங்களும் சான்றளிப்பவர்களும் 2025 ஏப்ரலில் முடிவெடுத்தார்கள். ஓராண்டுக்கு மேல் இருந்த அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச்சில் 200 நாளாகி, 2027-இல் 100 நாளாகி, 2029 மார்ச்சில் 47 நாளாகும். ஆண்டுக்கொரு முறை ஞாபகம் வைத்துக் கையால் புதுப்பிக்கும் காலம் இதோடு முடிகிறது. தானியங்கி ஏற்பாடு செய்யாதவர்கள் ஒன்றரை மாதத்துக்கொரு தரம் தங்கள் தளம் எச்சரிக்கைப் பலகையோடு நிற்பதைப் பார்ப்பார்கள்.

புதுப்பிக்க மறப்பதில் பெரிய பெயர்களுக்கும் விலக்கில்லை. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாட்மெயில் பயனர்கள் பலரால் உள்ளே நுழைய முடியவில்லை. நுழைவைச் சரிபார்க்கும் பாஸ்போர்ட்.காம் என்ற டொமைனுக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட மைக்ரோசாஃப்ட் மறந்துவிட்டதுதான் காரணம். சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கிய ஹாட்மெயிலை சுமார் நாற்பது கோடி டாலருக்கு வாங்கி இரண்டே ஆண்டு ஆகியிருந்தது. கட்ட வேண்டிய தொகை 35 டாலர். காரணத்தைக் கண்டுபிடித்த ஒரு புரோகிராமர் தன் சொந்த கார்டில் கட்டிவிட, தளம் மீண்டது. நம் ஊரில் நிலைமை இன்னும் சிக்கல்: டொமைனே நிறுவனத்தின் பெயரில் இருக்காது. வடிவமைத்துக் கொடுத்தவர் தன் பெயரில், தன் மெயிலில் பதிந்திருப்பார். அவர் தொழிலை மாற்றிக்கொண்டு துபாய் போய்விட்டால், புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் அவருடைய பழைய மெயிலுக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.

பூட்டும் சான்றிதழும் சரியாக இருந்தாலும், பக்கத்தில் எழுதியிருப்பது உண்மையா என்ற கேள்வி இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் கொடுத்த தீர்ப்பை ஒவ்வொரு நிறுவனமும் படிக்க வேண்டும். பாட்டி இறந்ததற்கு ஊருக்குப் போன பயணி ஒருவருக்கு, துக்கக் காலச் சலுகையை, பயணம் முடிந்திருந்தாலும் டிக்கெட் வாங்கிய 90 நாளுக்குள் விண்ணப்பித்துப் பெறலாம் என்று ஏர் கனடா தளத்தின் சாட்பாட் சொன்னது. அதே தளத்தின் இன்னொரு பக்கத்தில், பயணம் முடிந்தபின் சலுகை கிடையாது என்று இருந்தது. வழக்கு வந்தபோது, சாட்பாட் என்பது தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி நபர் என்கிற அளவுக்கு வாதிட்டது விமான நிறுவனம். தீர்ப்பாயம் ஏற்கவில்லை. வெறும் பக்கமோ சாட்பாட்டோ, தளத்தில் இருக்கும் எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லிப் பயணிக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது.

சாட்பாட் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறிப் பெரும்பாலான பொருட்களுக்கு 5, 18 என்று ஆனபின்னும், 12 சதவீதம் சேர்த்துப் போட்ட விலைப்பட்டியலைத் தளத்தில் தொங்கவிட்டிருந்தால், வாடிக்கையாளர் அதைக் காட்டித்தான் கேட்பார். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் கேள்விக்குப் பதில் சொல்ல இந்தப் பக்கங்களைத்தான் படிக்கின்றன. தளத்தில் பழைய விலை இருந்தால், அவை பழைய விலையைத் தெளிவாகவும் நம்பிக்கையாகவும் ஆயிரம் பேருக்குச் சொல்லிவைக்கும்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு செபி இதில் தெளிவான கெடு வைத்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளின் 46-ஆவது விதிப்படி, தளத்தில் இருக்கும் விவரம் எது மாறினாலும் இரண்டு வேலை நாளுக்குள் திருத்த வேண்டும். பட்டியலிடப்படாத நிறுவனத்துக்கும் கம்பெனிச் சட்ட விதிகள் கொஞ்சம் வேலை வைத்திருக்கின்றன. பதிவு அலுவலக முகவரி, நிறுவன அடையாள எண், தொலைபேசி, மெயில், புகாருக்கு யாரை அணுகுவது என்ற பெயர் ஆகியவை முகப்புப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மேலே சொன்ன கை குலுக்கும் படங்கள் உள்ள தளங்களில் இவற்றைத் தேடிப் பார்க்கலாம்.

சரி, வெப்சைட்டே எதற்கு, வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் போதாதா என்ற கேள்வி நியாயமானதுதான். தையற்கடைக்கும் டிபன் சென்டருக்கும் கூகுள் வரைபடத்தில் சரியான நேரமும் தொலைபேசி எண்ணும் இருந்தால் தாராளமாகப் போதும். அவர்கள் தலையில் வெப்சைட் கட்டும் ஏஜென்சிகளுக்கு இந்தக் கட்டுரை துணை போகாது. ஆனால், தொழிலையே அடுத்தவர் இடத்தில் நடத்துபவர்கள் இரண்டு நாட்களை நினைவில் வைப்பது நல்லது. 2020 ஜூன் 29-ஆம் தேதி இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது, டிக்டாக்கை நம்பி வாடிக்கையாளர் கூட்டத்தைச் சேர்த்தவர்களிடம் அந்தக் கூட்டத்தைத் திரும்ப அழைக்க ஒரு மெயில் முகவரிகூட மிஞ்சவில்லை. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. அன்றைய ஆர்டர்களைச் சிலர் தங்கள் சொந்தத் தளத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

இன்னொரு தரப்பு இருக்கிறது: மூன்று ஆண்டுக்கொரு முறை தளத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுபவர்கள். இதையும் புதுப்பித்தல் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2014 பிப்ரவரியில் பதினைந்து கோடி பவுண்ட் செலவில் புதிய தளத்தைத் திறந்தது. பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் மறுபடி பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. பொருள் எங்கே இருக்கிறதென்று தேடித் தடுமாறினார்கள். அந்தக் கோடைக் காலாண்டில் இணைய விற்பனை எட்டு சதவீதம் சரிந்தது. எதிர் முனையில் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றான அதன் முகப்புப் பக்கத்தில் சில வரிசை இணைப்புகளைத் தவிர எதுவும் கிடையாது. 1990-களின் மாணவர் ஒருவர் செய்ததுபோல் இருக்கும். ஆனால், ஆண்டறிக்கையும் காலாண்டு முடிவும் உரிய நாளில் அங்கே இருக்கும். 1977 முதலான பங்குதாரர் கடிதங்கள் அனைத்தும் திறக்கும். பழைய தோற்றத்தில் இருந்தாலும் அது நடப்பில் இருக்கும் தளம். 1991-இன் முதல் இணையப் பக்கத்தையும் செர்ன் 2013-இல் பழைய முகவரியிலேயே மீட்டு வைத்தது. இன்றைய கைபேசியில் அது எந்தத் தகராறும் இல்லாமல் திறக்கிறது. 2005-இன் ஃபிளாஷ் ஜாலங்களைத் திறக்கத்தான் எளிதான வழியில்லை.

ஆகவே, செலவு செய்வது பிரச்சினை இல்லை. எதில் செய்கிறோம் என்பதுதான். நம் நிறுவனங்கள் தளத்தைக் கட்டிடத்துக்குப் பெயர்ப்பலகை மாட்டுவதுபோல ஒரே தரம் பணம் கொடுத்து வாங்குகின்றன. டீசல் ஜெனரேட்டருக்கும் ஏசிக்கும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுபவர்கள், தளத்துக்குப் போட்டாலும் அதில் ‘சர்வர் ஓடுகிறது’ என்பதைத் தவிர எதுவும் இருப்பதில்லை. மென்பொருள் திருத்தங்களை எத்தனை நாளுக்குள் போட வேண்டும், பேக்கப் எங்கே இருக்கும், அதை மீட்டுக் காட்டியது எப்போது, டொமைன் யார் பெயரில், பாஸ்வேர்டு யாரிடம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை. தகவலைத் திருத்துவதை வெளியாளிடம் விட முடியாது. விலையும் சான்றிதழும் மாறுவது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். விற்பனைப் பிரிவிலோ கணக்குப் பிரிவிலோ ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கி, மாதத்தில் அரை நாளை அதற்கென்று ஒதுக்கினாலே இங்கே சொன்ன அவலங்களில் பாதி இருக்காது. புது வடிவமைப்புக்கு லட்சங்களில் கொட்டேஷன் வாங்கும் முன் இந்த அரை நாளை முயன்று பார்க்கலாம்.

திருப்பூர், கரூர் ஏற்றுமதியாளர்களுக்கு இதைத் தள்ளிப்போட நேரமும் அதிகமில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சூழல் வடிவமைப்பு ஒழுங்குமுறை, பொருட்களுக்கு டிஜிட்டல் கடவுச்சீட்டு கேட்கிறது. பொருளில் உள்ள குறியீட்டை ஸ்கேன் செய்தால், அது எதனால் ஆனது, எங்கே செய்யப்பட்டது போன்ற விவரங்கள் இணையத்தில் திறக்க வேண்டும். சில வகை மின்கலங்களுக்குத் தனிச் சட்டத்தின்கீழ் 2027 பிப்ரவரி 18 முதல் இது கட்டாயமாகிறது. 2025 ஏப்ரலில் ஒன்றியம் வெளியிட்ட செயல்திட்டத்தில், முன்னுரிமைப் பொருட்களின் வரிசையில் ஆடைகளும் இருக்கின்றன. கடவுச்சீட்டில் உள்ள விவரங்கள் குறிப்பிட்ட காலம்வரை கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்; தயாரித்த நிறுவனம் திவாலாகி மூடப்பட்டாலும்கூட என்கிறது சட்டம். சரக்கு வாங்கும் இறக்குமதியாளர் இந்தத் தகவல்களைத் திருப்பூரில்தான் கேட்பார், அதுவும் நடப்புத் தேதியிட்டு.